எழுபத்து நாலாம் ஆண்டு வரிசை

டென்மார்க்கின் டோஸ்ட்ருப்பில் அந்த நான்காம் மாடி வீட்டில் மூன்று நாளாகப் புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்ளவில்லை. முற்றாகப் பேசாமல் இல்லை. "உப்புக் காணுமோ?" "ஓம்." "சாவி எங்கை?" "ஆணியிலை." அவ்வளவோடு சரி.

காரணம் இதுவரை கூடவே வந்தவர்களுக்குத் தெரியும். நடுவழியில் ஏறியவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

யோகமலருக்கு ஒரு மருந்துத் தொழிற்சாலையில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. கழுவுகிற ஒவ்வொரு குடுவையின் பெயரும், அதற்குள் என்ன ஊற்றுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். வேலம்புலம் கல்லூரியில் உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்தவள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் அவளைத் தாண்டிப் போகும்போது, "உந்தக் கோட்டு எனக்கும் அளவாய்த்தான் இருக்கும்" என்று நினைத்துக்கொள்வாள். நினைப்போடு நிற்காமல் ஆய்வுகூட வேலைக்கான படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாள். அங்கேதான் வந்தது வினை. சான்றிதழ் ஊரில் வீட்டோடு எரிந்துபோனது. கொழும்புக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

விண்ணப்பம் வாங்கிய டேனிஷ்காரி நல்ல மனுஷி. "உங்கள் கல்லூரிக்கு இந்த நாட்டில் பதிவு செய்த சங்கம் இருக்கிறது என்கிறீர்களே, அவர்கள் கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஒரு கடிதம் தரட்டும், நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறேன்" என்றாள். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணி கடைசி நேரம்.

சங்கம் இருந்தது. டேனிஷ்காரர் மூன்று பேர் கூடினால் ஒரு சங்கம் வைப்பார்கள், நம்மவர்கள் மூன்று பேர் கூடினால் இரண்டு வைப்பார்கள். வேலம்புலம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம், டென்மார்க் கிளை. தலைவர் இஷொயில் இருக்கும் பாலேந்திரா. செயலாளர் அவருடைய தம்பி நித்தியானந்தன். அந்த நித்தியானந்தன்தான் யோகமலரின் கணவன்.

தலைவர் அத்தான், செயலாளர் புருஷன், பிறகென்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். சங்கம் அங்கத்தவருக்குத்தான் கடிதம் கொடுக்கும். வேலம்புலம் ஆண்கள் கல்லூரி. பக்கத்து மகளிர் பாடசாலையில் விஞ்ஞான வகுப்பு இல்லாதபடியால், ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் உயர்தரத்துக்கு மட்டும் இங்கே வந்து படித்தார்கள். ஆனால் அவர்களுடைய பெயர் கல்லூரியின் மாணவர் பதிவேடான இடாப்பில் ஏறவில்லை, மகளிர் பாடசாலையிலேயே கிடந்தது. இரண்டு வருஷம் முன்வாங்கில் இருந்து படித்தவளுக்கு அந்தக் கல்லூரியில் ஒரு இலக்கம் இல்லை.

இடாப்பு இலக்கத்தைக் காட்ட முடியாதவர்களுக்கு என்று சங்கத்தின் சட்டமான யாப்பில் ஒரு விதி இருந்தது. அதே ஆண்டில் அதே வகுப்பில் இருந்த இரண்டு அங்கத்தவர்கள், பொதுக்கூட்டத்தில் தங்கள் வரிசையில் எழுந்து நின்று "இவர் எங்களோடு படித்தவர்" என்று சொல்ல வேண்டும். அகதியாக வெறுங்கையோடு வந்து இறங்கும் பெடியன்களுக்காக நித்தியானந்தன் தன் கையாலேயே எழுதிய விதி அது.

யோகமலர் எழுபத்து நாலாம் ஆண்டு. அந்த ஆண்டுக்காரர் டென்மார்க்கில் ஒருவர்தான் என்று சங்கக் கொப்பி சொன்னது. புரொண்பியில் இருக்கும் குலேந்திரன்.

கொப்பி பொய் சொன்னது. இரண்டாவது ஆள் அவளுடைய வீட்டிலேயே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்டு கேக்கட்டே?" என்றாள் யோகமலர், கட்லட் பொரித்த கையோடு.

"மூண்டு நாளைக்கு முதல் கேட்டதுதானே."

"நீங்கள் எழும்பினால் காணும். அஞ்சு நிமிஷம்."

நித்தியானந்தன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான். "நான் எழுபத்திரண்டு பட்ச், மலர். எல்லாருக்கும் தெரியும்."

"எழுபத்திரண்டிலை முதலாம் தரம் சோதனை எடுத்தனீங்கள். எழுபத்து மூண்டிலை ரெண்டாந்தரம். எழுபத்து நாலிலை மூண்டாந்தரம் எடுக்க எங்கடை வகுப்பிலை பின்வாங்கிலை இருந்தனீங்கள். இல்லாட்டி என்னை எங்கை கண்டனீங்கள்? கோயில் திருவிழாவிலையோ?"

அவன் கழுத்துப்பட்டியை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினான்.

வெளியாருக்கு இது விளங்காது. மூன்று தரம் சோதனை எழுதியது ஒரு குற்றமா? குற்றமில்லை. ஆனால் எங்கள் ஆட்களில் எவனும் தன்னுடைய முதலாம் தரத்தின் ஆண்டைத்தான் சொல்வான். பக்கத்தில் இருக்கிறவனுக்கு உண்மை தெரிந்தாலும் வாய் திறக்கமாட்டான், ஏனென்றால் அவனுக்கும் ஒரு இரண்டாந்தரம் இருக்கும். கல்லூரி கற்றுக்கொடுத்ததில் இந்த ஒரு பாடத்தை மட்டும் யாரும் மறக்கவில்லை.

நித்தியானந்தனுக்கு அதற்கு மேலும் ஒரு பாரம் இருந்தது. "என்ரை தம்பிக்கு எழுபத்திரண்டிலையே கம்பஸ் கிடைச்சிருக்கும், தரப்படுத்தல்தான் வெட்டிப்போட்டுது" என்று பாலேந்திரா ஏழு வருஷமாக இந்த நாடு முழுவதும் சொல்லி வைத்திருந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை உயர்த்திய அரசாங்க ஏற்பாடு அந்தத் தரப்படுத்தல். தம்பி எழுபத்து நாலில் நின்றால் அண்ணன் பொய்யர். அண்ணன்தான் விமான ரிக்கற் எடுத்து இவர்களைக் கூப்பிட்டவர்.

"அதை மட்டும் கேளாதை மலர். வேறை என்ன வேணுமெண்டாலும் செய்யிறன்."

"வேறை ஒண்டும் வேண்டாம்."

மகளைப் பள்ளிக்கூடத் தோழியின் பிறந்தநாளுக்கு அனுப்பிவிட்டு, கட்லட் சட்டியையும் தூக்கிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். படியில் அவன் சட்டியை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

*

குடியிருப்பாளர் மண்டபம் பத்து நிமிஷ நடைதான். மே மாத வெயில் நன்றாக எறித்தது. உள்ளே ஆண்கள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கல்லூரிக்காரர் எந்தத் தேசத்தில் கூடினாலும் சாதிசனம் பார்த்து இருக்கமாட்டார்கள், ஆண்டு பார்த்துத்தான் இருப்பார்கள். முன்வரிசைக் கதிரையில் '1958' என்று கடதாசி ஒட்டியிருக்கும். பின்னுக்குப் போகப் போக ஆண்டு இளமையாகும், தலையில் மயிரும் கூடும். எழுபத்திரண்டில் ஒன்பது கதிரை. எழுபத்து நாலில் ஒன்று, குலேந்திரனுக்கு.

குசினிக்குள் பெண்கள். ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு. காலை ஏழு மணிக்கே வந்து அடுப்பு மூட்டியவள் தலைவரின் மனைவி விமலாதேவி. கூட மன்னார் மேரிசெலின், கணவன் றொபேட் அறுபத்தொன்பதாம் ஆண்டு. சங்கக் கூட்டமென்றால் பெண்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் குசினியும், அங்கிருந்து கேட்கும் கைதட்டலும்தான்.

"என்ன முடிவு?" என்றாள் விமலாதேவி.

"முடிவு ஒண்டுமில்லை அக்கா. கேக்கப் போறன்."

"குலேந்திரன் எழும்புமோ?"

"தெரியேல்லை."

"எழும்பாட்டி நான் ஒண்டு சொல்லட்டே?" விமலாதேவி சோற்றுக் கிடாரத்தின் மூடியை அகப்பையால் தட்டினாள். "இதைத் திறக்கமாட்டம். மூண்டு மணிக்குக் குடல் கருகேக்கை கையெழுத்து தன்பாட்டிலை வரும்."

மேரிசெலின் சிரித்துவிட்டாள். "கர்த்தரே, அறுபது ஆம்பிளையள்! றொபேட் இப்பவே ரெண்டு தரம் வந்து மணந்து பாத்திட்டுப் போட்டார்."

யோகமலர் சிரிக்கவில்லை. "வேண்டாம் அக்கா. சோத்தைக் காட்டி வாங்கினால் அது நான் அங்கை படிச்சன் எண்டதுக்குச் சாட்சியில்லை. நான் சமைச்சன் எண்டதுக்குத்தான் சாட்சி. பன்னிரண்டரைக்குச் சோறு போடுவம். பிறகு நான் கேப்பன்."

அப்போது பாலேந்திரா கறி பார்க்க வந்தார். நெடிய மனிதர். கடும் நீலக் கோட்டு. ஆளைப் பார்த்தால் கோபம் வராது, அவ்வளவு இதமாகப் பேசுவார். இப்படி இதமாகப் பேசுகிறவர்களிடம்தான் ஒன்றையும் வாங்க முடியாது.

"பிள்ளை, தம்பி சொன்னவன். நீர் கூட்டத்திலை கதைக்கப் போறீராம்."

"ஓம் அத்தான்."

"உமக்கு உதவி செய்ய எனக்கு விருப்பமில்லை எண்டு நினைக்காதையும். நாளைக்கு இன்னும் பத்துப் பொம்பிளையள் வருவினம். பிறகு மகளிர் பாடசாலையிலை படிச்சவை எல்லாரும் வேலம்புலம் எண்டுவினம். நூறு வருஷத்துப் பேர். அதைக் காப்பாத்தத்தான் என்னை இருத்தியிருக்கினம்."

"நான் மகளிர் பாடசாலை எண்டு சொல்லித்தான் கேக்கிறன். வேலம்புலத்திலை இரசாயனம் படிச்சன் எண்டும் சொல்லுறன். ரெண்டும் உண்மை."

"உண்மைதான், ஆனால் இலக்கம் இல்லையே."

"விதி இருக்கு. ரெண்டு பேர் எழும்பினால் காணும்."

"ஒருத்தன்தானே இருக்கிறான், பிள்ளை." அவர் மிகவும் வருத்தமாகச் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரியும். தம்பி மூன்று தரம் சோதனை எழுதியதும் தெரியும், அது யோகமலருக்குத் தெரியும் என்பதும் தெரியும். குரலைத் தணித்தார். "உம்மடை மனுசன்ரை மரியாதையும் உம்மடை கையிலைதான் இருக்கு. நான் வேறை சொல்லத் தேவையில்லை."

அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. இவர் தன்னைப் பயமுறுத்துகிறார் என்பதைவிட, தான் அப்படிச் செய்யக்கூடியவள் என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் எரிந்தது. பத்து வருஷமாக அந்த எழுபத்திரண்டை அவளும்தான் சேர்ந்து காப்பாற்றி வந்திருக்கிறாள்.

"அவரின்ரை பேரை நான் எடுக்கமாட்டன். அதை உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தரத் தேவையில்லை. கறிக்கு உப்புப் பாத்தாச்சோ?"

பாலேந்திரா போனார். விமலாதேவி அவர் போன திசையைப் பார்த்து, "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை" என்றாள். கறியைச் சொன்னாளா கணவனைச் சொன்னாளா என்று மேரிசெலின் கேட்கவில்லை.

*

சாப்பாடு முடிந்தது. கல்லூரிக் கீதம் முடிந்தது. சென்ற வருஷ அறிக்கையை நித்தியானந்தன் முன்மேசையில் தலைவருக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தான்.

"புதிய அங்கத்தவர் சேர்ப்பு" என்று தலைவர் சொன்னவுடன் குசினிக் கதவு திறந்தது.

யோகமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கதிரையை அவளே தூக்கிக்கொண்டு, ஐம்பத்தெட்டையும் அறுபத்தாறையும் எழுபத்திரண்டையும் கடந்து போனாள். எழுபத்து நாலில் குலேந்திரனுக்குப் பக்கத்தில் கதிரையை வைத்து இருந்தாள்.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பின்னாலிருந்து ஒருவர், "தங்கச்சி, பொம்பிளையளுக்கு அந்தப் பக்கம் வாங்கு கிடக்கு" என்றார், உண்மையாகவே உதவி செய்கிற நினைப்பில்.

"எனக்கு இஞ்சைதான் இடம் அண்ணை."

பிறகு எழுந்தாள். எழுதிக்கொண்டு வந்த பேச்சு சேலை மடிப்பில் இருந்தது. எடுக்கவில்லை.

"என்ரை பேர் யோகமலர். எழுபத்து மூண்டும் எழுபத்து நாலும் வேலம்புலத்திலை படிச்சனான். இடாப்பிலை என்ரை பேர் இல்லை. அதுக்கு நான் என்ன செய்யிறது? பேரை எழுதாமல் விட்டது நான் இல்லை. இரசாயன ஆய்வுகூடத்திலை யன்னல் பக்கத்து மேசை என்னுடையது. அந்த மேசையிலை அசிட் ஊத்துப்பட்ட அடையாளம் இப்பவும் இருக்கும், ஊத்தினதும் நான்தான். எனக்குக் கடிதம் வேணும், இந்த நாட்டிலை படிக்க. அதைவிட, நான் அங்கை இருந்தன் எண்டு நீங்கள் சொல்ல வேணும். எழுபத்து நாலிலை இருந்தவை எழும்பலாம்."

குலேந்திரன் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல இருந்தான். உண்மையில் வாயில் கட்லட்தான் இருந்தது. இஷொய் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர் பாலேந்திரா. அவன் மேசையைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான், பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்தான்.

கட்லட்டை விழுங்கிவிட்டு எழுந்தான்.

"விலங்கியல் செய்முறைச் சோதனைக்கு முதல்நாள் எனக்குத் தவளை வெட்டக் காட்டித் தந்தது இவ. நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான், இவதான் வெட்டினவ. இவ எங்களோடை படிச்சவ. நான் சாட்சி."

சிரிப்பு எழுந்தது. பாலேந்திராவும் புன்னகை செய்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"நன்றி குலேந்திரன். யாப்பின்படி ரெண்டு பேர் வேணும். எழுபத்து நாலிலை வேறை ஆரும் உண்டோ?"

அங்கே உண்மை தெரிந்தவர்கள் நாலைந்து பேராவது இருந்தார்கள். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

யோகமலர் மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அது கேட்பது போலாகிவிடும் என்று நேரே சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் உட்காரவில்லை.

"அப்ப வருத்தத்தோடை அடுத்த விஷயத்துக்கு..." என்று தலைவர் தொடங்கினார்.

"ஒரு நிமிஷம் அண்ணை."

நித்தியானந்தன் பேனையை மூடி வைத்தான். மேசைக்குப் பின்னாலிருந்து தன் கதிரையைத் தூக்கினான். இரும்புக் கால் மேசையில் இடித்துத் தண்ணீர்க் கிளாஸ் கவிழ்ந்தது.

"தம்பி, இரு." பாலேந்திராவின் குரலில் அந்த இதம் இல்லை.

அவன் நடந்தான். எழுபத்திரண்டு வரிசைக்காரர் தங்களிடம் வருகிறான் என்று நினைத்துக் கால்களை ஒதுக்கினார்கள். அவன் அவர்களைத் தாண்டிப் போய், யோகமலரின் மற்றப் பக்கத்தில் கதிரையை வைத்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"நான் மூண்டு தரம் சோதனை எடுத்தனான்" என்றான். "எழுபத்திரண்டு, எழுபத்து மூண்டு, எழுபத்து நாலு. ரெண்டு தரம் இரசாயனத்திலை பெயில். தரப்படுத்தல் என்னை வெட்டேல்லை, வெட்டுற அளவுக்கு எனக்குப் புள்ளி வரேல்லை. மூண்டாந்தரம் பாஸ் பண்ணினது இவவின்ரை நோட்ஸைப் பாத்து. இவ முன்வாங்கு, நான் பின்வாங்கு. ரெண்டாவது சாட்சி நான்."

யாரும் கைதட்டவில்லை. கைதட்டுகிற விஷயமா இது? எல்லோரும் தங்கள் கதிரையில் ஒட்டியிருந்த கடதாசியை மறைத்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு அறுபத்தொன்பதாம் வரிசையில் றொபேட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு பேர் எழும்பியாச்சு. விதி விதிதானே, தலைவர்" என்றார்.

"ஓம், விதிதானே" என்று இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்தன.

யோகமலருக்கு அப்போதுதான் கண் கலங்கியது. "ஏன் செய்தனீங்கள்?" என்று முணுமுணுத்தாள். "நான் கேக்கேல்லையே."

"கேக்காததாலைதான்" என்றான்.

பாலேந்திரா எழுந்தார். கவிழ்ந்த தண்ணீர் அறிக்கைப் புத்தகத்தை நனைத்துக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்கவில்லை.

"அங்கத்தவராய்ச் சேர்த்தாச்சு. கடிதத்திலை செயலாளர் கையெழுத்து வைக்கலாம். அது அவரின்ரை உரிமை." மேசை லாச்சியிலிருந்து சங்க முத்திரையை எடுத்தார். "முத்திரை தலைவரின்ரை பொறுப்பு. இத்தனை வருஷம் தன்ரை ஆண்டைப் பொய் சொன்ன செயலாளரின்ரை கையெழுத்துக்கு மேலை நான் முத்திரை குத்தமாட்டன்."

முத்திரை கடும் நீலக் கோட்டின் உட்பைக்குள் போனது.

"அந்தப் பொய்யைச் சொல்லித் திரிஞ்சது நீங்கள் அண்ணை" என்றான் நித்தியானந்தன்.

பாலேந்திரா வாசலுக்குப் போய், குசினிப் பக்கம் பார்த்து, "விமலா, வெளிக்கிடு. காரிலை நிக்கிறன்" என்றார்.

விமலாதேவி கதவில் சாய்ந்து நின்றாள். "எனக்குக் கிடாரம் கழுவ வேணும். நான் றெயினிலை வாறன்."

இருபது வருஷ வாழ்க்கையில் அவள் அவருக்கு அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தரம். கார் ஒருமுறை உறுமி நின்று, மறுபடி உறுமிக்கொண்டு போனது.

நித்தியானந்தன் மேசைக்குப் போய்க் கடிதத்தில் கையெழுத்து வைத்தான். ஆங்கிலத்தில் அழகாகத் தட்டெழுதிய கடிதம். அடியில் முத்திரைக்கான வட்டம் வெறுமையாகக் கிடந்தது. யோகமலர் அதைப் பார்த்தாள். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு இன்னும் இரண்டு நாள்கூட முழுசாக இல்லை.

விமலாதேவி ஈரக் கையோடு பக்கத்தில் வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "திங்கள் காலமை ஏழு மணிக்கு அவர் வேலைக்குப் போயிடுவார். வேலைக்கு அந்தக் கோட்டைப் போடுறேல்லை. வாசல் கதவுக்குப் பின்னாலை கொழுவியிருக்கும்."

யோகமலர் கடிதத்தைக் கையில் எடுத்தாள். ஒரு முத்திரை, ஒரு குத்து, யாருக்கும் தெரியப்போவதில்லை. நித்தியானந்தன்கூட அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேண்டாம் அக்கா" என்றாள். "கள்ளமாய்க் குத்தினால் நான் அங்கை கள்ளமாய்ப் படிச்சதாய்ப் போயிடும். அத்தான்தான் தன்ரை கையாலை குத்தவேணும்."

"அவர் குத்தமாட்டார் மலர். உனக்கு அவரைத் தெரியாது."

"அவருக்கும் என்னைத் தெரியாது." கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். "நாளைக்கு ஞாயிறு, வீட்டிலைதான் நிப்பார். காலமை பத்து மணிக்கு எழுபத்து நாலு முழுக்க உங்கடை வாசலிலை நிக்கும் எண்டு சொல்லுங்கோ. குத்தித் தரும்வரைக்கும் போகமாட்டம் எண்டும் சொல்லுங்கோ."

கடைசிக் கட்லட்டை எடுத்துக்கொண்டிருந்த குலேந்திரன் திடுக்கிட்டுத் திரும்பினான். "எழுபத்து நாலு முழுக்க எண்டால்... நானுமோ?"

"நீயும்தான்" என்றான் நித்தியானந்தன்.